பெரிய குடும்பம், ஒரு வண்டி, பின்னால் ஒரு கேரவன்: குறையை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

ஏழு பேர் உட்காரும் வண்டிக்குப் பின்னால், படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேரவன் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிற குடும்பங்கள் குமரி மாவட்டத்தில் இன்னும் அபூர்வம்தான். ஆனால் கிளம்பியவர்கள் வந்து சொல்கிற குறைகள் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து இருத்திவிட்டது, ஆரல்வாய்மொழி தாண்டியதும் டிரெய்லரின் வால் பக்கவாட்டில் ஆடுகிறது, குலசேகரம் ஏற்றத்தில் கிளட்ச் வாடை வருகிறது. எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது எஞ்சினை. "நம்ம வண்டிக்கு இழுவை பத்தாதோ?" என்பார்கள்.

பெரும்பாலும் எஞ்சினில் குறை இருக்காது. வண்டி எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கு தீர்வதற்கு முன்பே எவ்வளவு சுமக்கும் என்ற கணக்கு தீர்ந்துவிடுகிறது. இதாக்கும் சங்கதி. புருஷன், பெண்டாட்டி, ஒரு பிள்ளை என்று மூன்று பேர் போகும் வண்டியில் இந்தப் பிரச்சினை தெரியாது. கூடவே பாட்டா, ஆச்சி, சித்தப்பா, ரெண்டு பிள்ளைகள் என்று ஏறினால், டிரெய்லரை மாட்டுவதற்கு முன்பே வண்டியின் சுமை முக்கால்வாசி ஆகிவிடும்.

எந்தக் குறையானாலும் முதலில் எடை மேடை

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஜல்லி லாரி ஓடுகிற சாலைகளில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனால் போதும். பயணம் கிளம்புகிற அதே கோலத்தில் போக வேண்டும். டேங்க் நிறைய டீசல், டிரெய்லரில் தண்ணீர், சிலிண்டர், பாத்திரம், பாய், துணிமணி எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும். ஆட்களும் வேண்டும். "நான் எதுக்கு மக்கா, வீட்டுல இருக்கேன்" என்று ஆச்சி சொன்னாலும் விடாதீர்கள். ஆச்சியின் எடையும் கணக்கில் உண்டு.

மூன்று முறை எடை போட வேண்டும். முதலில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து மேடையில். இரண்டாவது, டிரெய்லரைக் கழற்றாமலே அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்க, வண்டி மட்டும் மேடையில். மூன்றாவது, டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு வண்டி தனியாக. முதல் எடையில் மூன்றாவதைக் கழித்தால் டிரெய்லரின் மொத்த எடை. இரண்டாவதில் மூன்றாவதைக் கழித்தால், வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டுகிற கொக்கியின் மேல் இறங்குகிற பாரம். கீழே சொல்லப்போகிற பாதிக் குறைகளுக்கு விடை இந்தக் கொக்கிப் பாரத்தில்தான் இருக்கிறது.

எடை மேடை ஐந்து, பத்து கிலோ முன்பின் காட்டும். கொக்கிப் பாரத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் ரப்பர் ஷீட் கடைக்காரரிடமோ வாழைக்குலை மண்டியிலோ இருக்கும் பிளாட்பாரம் தராசை ஒரு மணி நேரம் இரவல் கேளுங்கள். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, டிரெய்லரின் மூக்கு (கொக்கியில் மாட்டுகிற முன்முனை) வண்டியில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் வருமாறு தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி அதில் மூக்கை இறக்கினால் நேராக எண் வந்துவிடும். கட்டையின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

இப்போது வண்டியின் ஆர்.சி.யையும் கையேட்டையும் எடுங்கள். வெறும் வண்டியின் எடையும், ஏற்றலாம் என்று அனுமதித்த மொத்த எடையும் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு. ஒரு கணக்குக்கு அந்தக் கையிருப்பு 650 கிலோ என்று வையுங்கள். பெரியவர்கள் ஐந்து பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 325. பிள்ளைகள் இரண்டு பேர், 70. டிக்கியிலும் கூரையிலும் 80 கிலோ சாமான். பின்னால் வெல்டு பண்ணிய கொக்கிச் சட்டம் 25. மொத்தம் 500. மிச்சம் 150 கிலோ. டிரெய்லரின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியில் இறங்குவதுதான் ஓட்டத்துக்கு நல்லது. நடுவாகப் பன்னிரண்டு வைத்தால் எல்லாம் ஏற்றிய டிரெய்லர் 1,250 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. விளம்பரத்தில் 2,000 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தாலும் உங்கள் குடும்பத்துக்கு அது 1,250தான். கொக்கிப் பாரத்துக்கென்று கையேடு தனியாக வரம்பு சொல்லியிருந்தால் அதுவே கடைசிச் சொல்; 100 கிலோதான் என்றால், குறைந்த அளவான பத்துப் பங்கு வைத்தாலும் டிரெய்லர் 1,000 கிலோவில் நின்றுவிட வேண்டும்.

நம் நாட்டில் விற்கிற சில வண்டிகளின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, வேன் பிடித்துப் போங்கள். அப்புறம் இன்னொன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. வண்டிக்கு டி.என். 74 அல்லது 75 பதிவு இருக்கிறது, டிரெய்லர் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று நினைக்காதீர்கள். அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும், இன்சூரன்ஸும் பேசிவிட வேண்டும்.

பின்பக்கம் இருத்திவிட்டது, எதிரே வருகிறவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்

ராத்திரியில்தான் இது முதலில் தெரியும். நீங்கள் டிம்மில் போனாலும் எதிர் வண்டிக்காரர் பளிச் பளிச்சென்று அடிப்பார். வால் தாழ்ந்து மூக்கு தூக்கியதால் உங்கள் வெளிச்சம் அவர் கண்ணில் விழுகிறது. ஸ்டீயரிங்கும் லேசாக, பிடிமானம் இல்லாதது போல இருக்கும்.

சோதிக்க ஒரு டேப் போதும். வெறும் வண்டியாக நிற்கும்போது நாலு சக்கரத்துக்கும் மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் தரையிலிருந்து உயரம் அளந்து எழுதிவையுங்கள். ஆளும் சாமானும் ஏற்றி ஒரு முறை, டிரெய்லர் மாட்டி ஒரு முறை அளக்க வேண்டும். டிரெய்லர் மாட்டியதும் பின்பக்கம் இறங்குவதோடு முன்பக்கம் உயரவும் செய்தால் முன் சக்கரத்தின் பாரம் குறைகிறது என்று பொருள்.

ஏன் முன்பக்கம் எழும்புகிறது? கொக்கி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.75 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கொக்கியில் 100 கிலோ இறக்கினால் பின் அச்சில் ஏறுவது 100 அல்ல, 144 கிலோ. அந்த அதிகப்படி 44 கிலோ முன் அச்சிலிருந்து வருகிறது. ஏற்கெனவே மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் பின் அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பார்கள், டிக்கியில் பை அடைத்திருக்கும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பது அடிக்கடி நடக்கும். எடை மேடையில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு வாங்கினால் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் வெல்டிங் பட்டறை அண்ணாச்சி "ஸ்பிரிங்குல ஒரு பட்டை கூட்டிப் போட்டுருவோம்" என்பார். போட்டால் வண்டி எழும்பி நிற்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் பட்டை உயரத்தைத்தான் சரி செய்யும். அச்சு, டயர், பிரேக் எதுவும் பலம் கூடாது. முன் அச்சு இழந்த 44 கிலோவும் திரும்பி வராது. பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் கொஞ்சம் பகிர்ந்து தள்ளுகிற கம்பிக் கொக்கி வகை உண்டு. வண்டிக் கையேடு அதற்கு இடம் கொடுத்தால் நல்ல தீர்வு. அப்போதும் மொத்த வரம்பைத் தாண்ட அது உரிமை தராது.

செலவில்லாத வழி இருக்கிறது. கனத்த ஆட்களை நடு வரிசைக்கும் பிள்ளைகளைக் கடைசி வரிசைக்கும் மாற்றுங்கள். டிக்கிச் சாமானை டிரெய்லரின் அச்சுக்கு நேர் மேலே கொண்டுபோய் வையுங்கள். அதன்பிறகும் இருத்தினால், அந்தக் குடும்பத்துக்கு அந்த டிரெய்லர் பெரிது.

வால் ஆடுகிறது

இதுதான் ஆளைக் கொல்கிற குறை. மற்றதை நாளைக்குப் பார்க்கலாம், இதை இன்றைக்கே பார்க்க வேண்டும்.

ஓட்டத்தில் ஆடத் தொடங்கிவிட்டால்: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பி அடிக்காதீர்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டினால் நிமிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிரெய்லருக்கு மின் பிரேக் இருந்து, கைவிசையும் இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்துங்கள்; பின்னாலிருந்து பிடித்து இழுத்ததும் நேராகிவிடும். ஆட்டம் நின்றதும் ஓரம் கட்டுங்கள்.

ஓரம் கட்டியபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். காற்று இல்லாத இடத்திலும் ஆடியதா, காற்றில் மட்டும் ஆடியதா?

காற்றே இல்லாமல் ஐம்பது அறுபது வேகத்தில் ஆடினால், டிரெய்லரில் ஏற்றிய விதம் தப்பு. கொக்கிப் பாரம் குறைவு, வால் கனம். எடுக்க எளுப்பம் என்று பின்கதவை ஒட்டியே எல்லாவற்றையும் அடுக்குவது நம் பழக்கம். தேங்காய்ச் சாக்கு, மட்டிப் பழக்குலை, பிரியாணிச் செம்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். 900 கிலோ டிரெய்லரில் கொக்கிப் பாரம் 40 கிலோ காட்டினால் அது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அச்சுக்கு இரண்டு மீட்டர் பின்னால் கிடக்கிற 60 கிலோ சாமானைத் தூக்கி அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் வையுங்கள். அச்சிலிருந்து கொக்கி மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் கொக்கியில் 50 கிலோ கூடும். 40 இப்போது 90. பத்து சதவீதம் வந்தாயிற்று, காசு செலவில்லை. தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் குனிந்து பாருங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ. அச்சுக்குப் பின்னால் நூறு லிட்டர் தொட்டி இருந்தால் அதை வெறுமையாகக் கொண்டுபோய், போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். பாதி நிரப்புவது இன்னும் மோசம், அலம்பும்.

வண்டியின் பின் டயர்களில் காற்று குறைவாக இருந்தாலும் இதே ஆட்டம் வரும். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்று கதவுத் தூண் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ தனியாகப் போட்டிருக்கும். அந்த அளவுக்கு அடியுங்கள்.

காற்றில் மட்டும் ஆடினால், கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பீறிட்டு வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான். நாகர்கோவிலில் இருந்து கிளம்பிக் கணவாயைக் கடக்கும்போது காற்று பெரும்பாலும் முதுகில் தள்ளும், வண்டி சுகமாகப் போகும். அந்தச் சுகத்தை நம்பி வேகத்தை ஏற்றிக்கொண்டு காவல்கிணற்றில் நாலுவழிச் சாலைக்கு வடக்கே திரும்புவீர்கள். அங்கே அதே காற்று இடது விலாவில் அறையும். பணகுடி, வள்ளியூர் வரைக்கும் இது தொடரும். சீராக அடித்தால் சமாளித்துவிடலாம். லாரியின் மறைவில் போய்ச் சட்டென்று வெளியே வரும் அந்த நொடியில்தான் டிரெய்லர் ஒரு முழம் நகர்ந்து போகும்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அதாவது குமரிக் குடும்பங்கள் அதிகம் கிளம்புகிற நேரமும் இந்தக் காற்றுக் காலமும் ஒன்றே. காவல்கிணறு திருப்பத்துக்கு முன்பே வேகத்தை 60க்குக் கீழே கொண்டுவாருங்கள், விடிகாலையில் அந்தத் துண்டைக் கடந்துவிடப் பாருங்கள், லாரியை முந்தும் ஆசையை நாங்குநேரி வரைக்கும் தள்ளிப்போடுங்கள். கேரவனின் உயரமும் நீளமும் பாய்மரம் போல வேலை செய்கின்றன. ஆகவே டிரெய்லர் இன்னும் வாங்கவில்லை என்றால் உயரம் குறைந்ததை, கூரையை மடக்கக்கூடியதைப் பாருங்கள். பிரிட்டனில் கேரவன் இழுக்கப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிற அளவு ஒன்று உண்டு: ஏற்றிய டிரெய்லர், வெறும் வண்டியின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது. நம் சாலைக்கு அதையே உச்ச அளவாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஏற்றத்தில் கிளட்ச் வாடை, அல்லது முன் சக்கரம் வழுக்குகிறது

அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்தவர்கள் திற்பரப்புக்கோ பேச்சிப்பாறைக்கோ போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள். மேற்கே போகப் போக ஏறி இறங்குகிற சாலைதான். நடு ஏற்றத்தில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, மறுபடி எடுக்கும்போது கிளட்ச் கருகும்.

ஏற்றத்தில் அரைக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். கைப்பிரேக்கில் நிறுத்துங்கள். முதல் கியரில் எடுத்து, வண்டி நன்றாக நகர்ந்து கிளட்ச் முழுக்க விட்டபிறகு ஆக்ஸிலேட்டரைக் கூட்டுங்கள். அப்படியும் நாறினால் டிரெய்லர் கனம், வேறு மருந்தில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் வாடை வராது, கியர் ஆயில் சூடாகி எச்சரிக்கை விளக்கு வரும். நிறுத்தி ஆறவிட்டுப் போங்கள்.

முன் சக்கரம் ஈர ரோட்டில் சுழன்று வழுக்கினால், நீங்கள் வைத்திருப்பது அநேகமாக முன்சக்கர இழுவை வண்டி. எர்டிகா அப்படித்தான், இன்னோவா ஹைகிராஸும் அப்படித்தான். முன்பு சொன்ன 44 கிலோவை இங்கே நினைத்துப் பாருங்கள். இழுக்க வேண்டிய சக்கரத்திலிருந்தே பாரம் கழன்று போகிறது. பழைய இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ, ஸ்கார்பியோ போன்றவை தனிச் சட்டத்தின் மேல் கட்டிய, பின் சக்கரம் இழுக்கிற வண்டிகள். பெரிய குடும்பத்தோடு டிரெய்லரும் வேண்டும் என்றால் என் ஓட்டு அவற்றுக்குத்தான், சொகுசு குறைந்தாலும் பரவாயில்லை.

பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து தள்ளுகிறது

டிரெய்லருக்கு பிரேக் இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். உள்ளூர்ப் பட்டறையில் கட்டிய சிலவற்றில் கிடையாது. ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். ஏழு பேர் உயிர் ஏறும் வண்டிக்கு அந்த அளவையாவது நாம் மதிக்கலாம்.

வண்டி பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் முன்னால் நெருக்கி, அந்த நெருக்கலிலேயே தன் பிரேக்கைப் பிடிக்கிற வகை என்றால், கொக்கிக்குப் பின்னால் உள்ள தண்டு உள்ளே வெளியே தாராளமாக ஓட வேண்டும். முட்டம், குளச்சல் பக்கம் வீடு இருந்தால் உப்புக்காற்றில் அது இறுகியிருக்கும். துருவை எடுத்து கிரீஸ் அடியுங்கள். பிரேக் பிடித்ததும் டங்கென்று ஒரு இடி, பிறகு பிடிக்கிறது என்றால் அநேகமாக பிரேக் கம்பி தளர்ந்திருக்கிறது. மின் பிரேக்கில் தள்ளினால், அதன் வேகத்தை வண்டிக்குள்ளிருந்து கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலரின் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். டிரெய்லர் சக்கரம் கட்டி இழுபட்டால் குறையுங்கள்.

இறக்கத்தில் பெடல் மெத்தென்று இறங்கினால் பிரேக் சூடேறிவிட்டது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

கொக்கியில் டக் டக் சத்தம்

வண்டிக் கொக்கியின் நுனியில் இருக்கும் உருண்டையின் அளவைப் பாருங்கள். 50 மி.மீ. ஒரு வகை, இரண்டு அங்குலம் இன்னொரு வகை. இரண்டு அங்குலம் என்றால் 50.8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். டிரெய்லர் மூக்கில் அதைக் கவ்வுகிற கிண்ணம் இரண்டு அங்குலமாக இருந்து, அதில் 50 மி.மீ. உருண்டையைப் போட்டால் டக் டக் என்று அடித்துக்கொண்டே வரும், நாள்பட்டால் கழன்றுகொள்ளவும் கூடும். உருண்டையில் அளவு பொறித்திருக்கும். இல்லாவிட்டால் லேத்தில் வெர்னியர் வாங்கி அளந்துவிடுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் உட்காரும்.

டிரெய்லர் விளக்கு மங்கல், இண்டிகேட்டர் போட்டால் எல்லாம் சேர்ந்து மினுங்குகிறது

எர்த்து. பத்தில் எட்டு முறை எர்த்துதான். வண்டிச் சட்டத்தோடு ஒயர் சேருகிற நட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி இறுக்குங்கள். பிளக்கின் ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் துடையுங்கள்.

சக்கரம் சூடாகிறது

கிளம்பி அரை மணி நேரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, டிரெய்லரின் ஒவ்வொரு சக்கர நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் பேரிங் காய்ந்திருக்கிறது, அல்லது பிரேக் விடாமல் பிடிக்கிறது. கடலோரத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த டிரெய்லரை பேரிங்கைப் பிரித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

டிரெய்லர் டயரில் பட்டன் தேயாது, வயசாகும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. புதிது போல மினுமினுத்தாலும் விளிம்பில் கீறல் ஓடியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, எண் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது

ஆள் ஏழு பேரைத் தாண்டினால் இந்த நிலைமை வருவது சகஜம். மிஞ்சிய ஆட்களை டிரெய்லருக்குள் உட்காரவைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். கூடவே கூடாது, பத்து கிலோமீட்டருக்குக்கூட. இரண்டு வழி உண்டு. பெரிய கேரவனை விற்றுவிட்டு, சமையல் சாமானும் கூடாரமும் மட்டும் கொள்கிற 400, 500 கிலோ டிரெய்லர் வாங்கலாம். படுக்க லாட்ஜோ சொந்தக்காரர் வீடோ பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஆட்களை இரண்டு வண்டியாகப் பிரித்து, இழுக்கிற வண்டியில் நாலு பேருக்கு மேல் ஏற்றாமல் போகலாம். மருமகன் வீட்டில் இன்னொரு கார் இருந்தால் இரண்டாவது வழிதான் செலவு குறைவு. பிரித்தபிறகு மறுபடி எடை மேடைக்குப் போய், இரண்டாவது எடையை மட்டுமாவது போட்டுப் பாருங்கள்.